அப்பாவுக்கு ஒரு திசை, அம்மாவுக்கு ஒரு திசை, குஞ்சுக்கு?

"அவங்க குடும்பமே அப்படித்தான், ரத்தத்துல ஊறினது." இந்த வசனத்தைக் கேட்காத வீடு நம்ம பக்கம் இருக்காது. கோபம், சோம்பல், குடி, கணக்கு வராதது, எல்லாத்துக்கும் இதே பதில்தான். கண் நிறம், உயரம் எல்லாம் மரபணு வழியா வருதுன்னா சரி. ஒரு நடத்தை அப்படி வருதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

இதுக்கு ஒரு நல்ல பதில் ஐரோப்பாவில் இருக்கிற பிளாக்கேப் என்கிற குருவிகிட்ட இருக்கு. எடை 20 கிராமுக்குப் பக்கம். ஆணுக்குத் தலையில் கறுப்புத் தொப்பி, பெண்ணுக்குச் செம்பழுப்புத் தொப்பி. குளிர்காலம் நெருங்கினா வலசை கிளம்பிடும். ஜெர்மனியின் மேற்குப் பகுதிக் குருவிகள் தென்மேற்கே ஸ்பெயின் பக்கம் போகும். ஆஸ்திரியாவின் கிழக்குப் பகுதிக் குருவிகள் தென்கிழக்கே துருக்கிப் பக்கமாகப் போய், ஆப்பிரிக்காவுக்குள் இறங்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, இவை ராத்திரியில் தனியாகப் பறக்கிற பறவைகள். அந்த வருஷம் பொரிச்ச குஞ்சுக்கு வழிகாட்ட அப்பா அம்மா கூட வர்றதில்லை. அப்போ திசை எப்படித் தெரியும்?

ஆண்ட்ரியாஸ் ஹெல்பிக் என்ற ஜெர்மன் ஆய்வாளர் இந்த ரெண்டு வகையையும் கூண்டில் இணை சேர்த்தார். வலசைக் காலம் வந்தா கூண்டுப் பறவைக்கும் ராத்திரியில் இருப்புக் கொள்ளாது, போக வேண்டிய பக்கமாவே தாவித் தாவிக் குதிக்கும். புனல் மாதிரியான கூண்டுக்குள் விட்டு, பக்கச் சுவரில் நகம் கீறின தடத்தை வெச்சுத் திசையைக் கணக்கிடலாம். 1991-ல் வெளியான முடிவு இதுதான்: கலப்புக் குஞ்சுகள் ரெண்டுக்கும் நடுவில், தெற்குப் பக்கமாகத் தாவின.

ஸ்கூல்ல படிச்ச மெண்டல் பட்டாணி ஞாபகம் இருக்கா? நெட்டையையும் குட்டையையும் சேர்த்தா அடுத்த தலைமுறை முழுக்க நெட்டை. இங்கே அப்படி ஒண்ணு இன்னொண்ணை முழுசா மறைக்கலை, நடுத்தரம் வந்தது. ஆனா அந்த நடுவழியில் ஆல்ப்ஸ் மலை, மத்தியதரைக் கடல், சகாரா மூணும் வரிசையா நிற்குது. சுத்திப் போற ரெண்டு வழிகள் ஏன் நிலைச்சதுன்னு இதிலிருந்தே ஊகிக்கலாம்.

இதுக்காக மரபணுவுக்குள்ள மேப் இருக்குன்னு நினைக்க வேண்டாம். மரபணு புரதம் செய்யச் சொல்லுது. அந்தப் புரதங்களால் மூளையும் நரம்பும் உருவாகுது. அந்த மூளை நட்சத்திரங்களையும் பூமியின் காந்தப் புலத்தையும் உணர்ந்து ஒரு பக்கமாகச் சாயுது.

அப்போ பிறவியில் வந்தது மாறவே மாறாதா? கதையின் அடுத்த பாதி இதுதான். 1960-களில் இருந்து பிரிட்டனில் குளிர்காலத்தைக் கழிக்கிற பிளாக்கேப்கள் கூடிக்கிட்டே வந்தன. பீட்டர் பெர்த்தோல்ட் குழுவினர் அவற்றில் சிலதைப் பிடிச்சு ஜெர்மனிக்குக் கொண்டு போய் இனப்பெருக்கம் பண்ண வெச்சாங்க. பிரிட்டனையே பார்க்காத குஞ்சுகள் மேற்கு, வடமேற்குப் பக்கமாகத் தாவின. 1992-ல் இது வெளியானது.

என்ன நடந்திருக்கும்? தப்பான திசை மாதிரித் தெரியுற வழியில் சில குருவிகள் எப்பவும் போயிருக்கும். முன்பு அந்தக் குளிரில் அதிகம் பிழைச்சிருக்காது. குளிர் கொஞ்சம் தணிஞ்சது, ஜனங்க தோட்டத்தில் தீனி வைக்க ஆரம்பிச்சாங்க, அந்தக் குருவிகள் பிழைச்சுக்கிட்டன. தூரமும் குறைவு என்பதால் வசந்தத்தில் சீக்கிரமே ஊர் திரும்பி, தங்களுக்குள்ளேயே அதிகமாக ஜோடி சேர்ந்தன. எந்தக் குருவியும் முயற்சி பண்ணித் தன் திசையை மாத்திக்கலை. எந்தத் திசைக்காரர்கள் பிழைத்தார்கள் என்பதுதான் மாறியது. சில பத்து வருஷத்திலேயே, கண்ணுக்கு முன்னாடி பரிணாமம்.

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். இந்தக் குருவிக்குத் திசையைக் கத்துக் கொடுக்க ஆளே கிடையாது. அதனாலதான் "இது மரபணு"ன்னு உறுதியாச் சொல்ல முடிஞ்சது. கோபக்கார அப்பாவோ பிள்ளைக்கு மரபணுவையும் கொடுக்கிறார், 20 வருஷம் தான் கத்துறதைப் பக்கத்திலிருந்து பார்க்கவும் வைக்கிறார். ரெண்டையும் பிரிக்காமல் ரத்தம்னு தீர்ப்பு எழுத முடியாது.

மனிதர்களில் இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறாங்க. பல குணங்களில் மரபணுவுக்குப் பங்கு இருக்குன்னு தெரியுது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனா அது ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்தின் கணக்கு. உங்க வீட்டுப் பையன் நாளைக்கு என்ன ஆவான்னு அது சொல்லாது. ஒரு சாதியையோ ஊரையோ முத்திரை குத்தவும் உதவாது.

அதனால பொண்ணு பார்க்கிற இடத்திலேயோ ஆபீஸ் டீக்கடையிலேயோ யாராவது "அவங்க ரத்தமே அப்படி"ன்னு ஆரம்பிச்சா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "வளர்ப்பைப் பிரிச்சுப் பார்த்துட்டுச் சொல்றீங்களா?" குருவி விஷயத்தில் அதைப் பார்த்துட்டுத்தான் சொன்னாங்க.