பூசணமும் கல்லீரலும்

மும்பையிலோ கொல்கத்தாவிலோ முதன்முறையாக மழைக்காலத்தைக் கழிக்கும் தமிழ்க் குடும்பத்தினர் விரைவிலேயே ஓர் உண்மையை அறிந்து கொள்கிறார்கள். ஊரிலிருந்து மூட்டையாகக் கட்டிக் கொணர்ந்த வேர்க்கடலையும் வத்தல் மிளகாயும் கொப்பரையும் ஆடி மாதம் முடிவதற்குள் பூசணம் பூத்துவிடுகின்றன. நாம் என்ன செய்கிறோம்? வெயில் முகம் காட்டிய நாளில் மாடியில் பரப்பி உலர்த்துகிறோம், துணியால் துடைக்கிறோம், வறுத்துச் சட்னியாக அரைத்துவிடுகிறோம். பூசணம் போயிற்று, பண்டம் மிஞ்சிற்று என்பது நமது கணக்கு. அந்தக் கணக்கு சரிதானா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பூசணம், பூஞ்சணம், பூஞ்சை, காளான் எனத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றோர்க்கு இவற்றுள் எதை எங்கே ஆளுவதென்பது சிறு சங்கடந்தான். குடையாய் விரியும் காளானும், நெற்பயிரைத் தாக்கும் குலைநோயும், பென்சிலின் மருந்தை நமக்கு ஈந்த பச்சைப் படலமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. 2021ஆம் ஆண்டில் கொரோனா நோய்க்கு ஆளான நீரிழிவுக்காரர் பலரைக் ‘கருப்புப் பூஞ்சை’ தாக்கியபோது, இவ்வினத்தின் பெயர் நாடெங்கும் அச்சத்தோடு உச்சரிக்கப்பட்டது. நாட்பட்ட நோய்கள் அனைத்துக்கும் உடலுக்குள் பெருகும் பூசணமே காரணம் என்றும், சர்க்கரையையும் மாவுப் பண்டங்களையும் நீக்கிவிட்டால் யாவும் தீரும் என்றும் உரைப்போரும் உளர். அதற்குத் தக்க சான்று இல்லை. சர்க்கரையைக் குறைப்பது நல்லதே. அதற்குரிய காரணங்கள் வேறு. ஆனால் உடலுக்கு வெளியே, நாம் உண்ணும் உணவின்மேல் வளரும் பூசணம் கல்லீரலுக்கு இழைக்கும் தீங்கு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட செய்தியாகும்.

அது வெளிப்பட்ட விதம் விந்தையானது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் மடிந்தன. கொள்ளைநோய்க் கிருமி எதுவும் அகப்படவில்லை. இறுதியில், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கின்மேல் ஐயம் விழுந்தது. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பெர்ஜிலஸ் ஃப்ளேவஸ் என்னும் மஞ்சட்பச்சைப் பூசணம் ஒரு நஞ்சைச் சுரந்திருந்தது. பூசணத்தின் பெயரிலிருந்து சில எழுத்துக்களை எடுத்து அந்நஞ்சுக்கு அஃப்ளாடாக்ஸின் எனப் பெயரிட்டனர். நமது ஆய்த எழுத்துக்கு இப்படியொரு வேலை கிடைக்குமென்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

வான்கோழிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும் என்பதை நம் நாடே பெரும் விலை கொடுத்துக் காட்டியது. 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டத்திலும், அதனையடுத்துள்ள குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும் ஒரு கொடிய காமாலை நோய் பரவிற்று. கண்கள் மஞ்சளித்தன, சில நாட்களுக்குள் வயிற்றில் நீர் கோத்து மகோதரமாயிற்று. 150க்கும் மேற்பட்ட கிராமங்களில் 397 பேர் நோயுற்றனர். அவர்களுள் 106 பேர் மாண்டனர். மனிதரைப் போலவே அவ்வீடுகளின் நாய்களும் வயிறு வீங்கி மடிந்தன. மனிதரிடையே தொற்றும் சாதாரணக் காமாலையாயின் நாய்களும் அவ்வாறு மாள்வானேன்? மனிதரும் நாயும் பகிர்ந்துகொண்டது அவ்வீட்டு உணவு ஒன்றையே.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் இதனை ஆராய்ந்தனர். 1918ஆம் ஆண்டில் நமது நீலகிரியின் குன்னூரில் ஓர் அறையளவில் தொடங்கி, 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்த நிறுவனம் அது. நோயுற்றோர் அனைவரும் மக்காச்சோளத்தையே அன்றாட உணவாகக் கொண்ட பழங்குடியினர். அவ்வாண்டு பருவம் தப்பிய மழையில் கதிர்கள் நனைந்தன. நனைந்த தானியம் உலராமலே சேமிக்கப்பட்டது. அதனை எடுத்துச் சோதித்தபோது, கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை நஞ்சு இருந்தது. இன்று நம் நாட்டில் தானியத்துக்கு விதிக்கப்பட்டுள்ள உச்ச அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அதாவது, அனுமதிக்கத்தக்கதைப் போல ஆயிரம் மடங்கு வரையில் நஞ்சு கலந்த ரொட்டியை அம்மக்கள் வாரக்கணக்கில் உண்டு வந்தனர். பூசணம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாமலில்லை. வீட்டில் வேறு தானியம் இல்லாதவன் கண்ணால் கண்டும் என்ன செய்வான்? அடுத்த ஆண்டு விளைச்சலில் நஞ்சு மிகவும் குறைந்திருந்தது, நோயும் திரும்பவில்லை.

இவ்வாறு ஊரையே வீழ்த்தும் பெருங்கேடு அரிது. நம்மைப் போன்ற நகரவாசிகள் அஞ்சவேண்டுவது, சிறுகச் சிறுக, ஆண்டுக்கணக்கில் உட்புகும் நஞ்சையே. கல்லீரல், தன்னிடம் வரும் நஞ்சை மாற்றி வெளியேற்றும் இயல்புடையது. அஃப்ளாடாக்ஸினையும் அவ்வாறே மாற்ற முயல்கிறது. ஆனால் அம்மாற்றத்தின் நடுவே, முன்னதைக் காட்டிலும் கொடிய ஒரு பொருள் தோன்றி உயிரணுக்களின் மரபுப்பொருளோடு ஒட்டிக்கொள்கிறது. கட்டி வளராமல் காக்கும் மரபணு ஒன்று இதனால் பழுதுபடுகிறது. பல ஆண்டுகளுக்குப் பின்னர் அது ஈரற்புற்றாக வெளிப்படக்கூடும். அப்போது நோயாளியைக் கேட்டால், என்றோ தின்ற கசப்புக் கடலையை அவர் நினைவுகூரப் போவதில்லை.

இந்நஞ்சுக்குத் துணையாளாக அமைவது ஹெபடைடிஸ் பி என்னும் காமாலைக் கிருமி. சீனத்தின் ஷாங்காய் நகரில் 18,000க்கும் மேற்பட்ட ஆடவரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 1990களில் வெளியாயிற்று. நஞ்சு மட்டும் உடலிற் புகுந்தோர்க்கு ஈரற்புற்று ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகவும், கிருமி மட்டும் உள்ளோர்க்கு ஏழு மடங்காகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தோர்க்கோ அறுபது மடங்கு! மூன்றும் ஏழும் கூடினால் பத்து என்னும் பள்ளிக்கணக்கு இங்கே செல்லுபடியாகவில்லை. அதே ஷாங்காய்க்கு அருகிலுள்ள சீதோங் வட்டாரத்து மக்கள் 1980களில் மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினர். நாளடைவில் அங்கே ஈரற்புற்றால் இறப்போர் தொகை பாதிக்கும் கீழாகக் குறைந்தது. உணவு மாறியதால் ஒரு நாட்பட்ட நோய் தணிந்ததற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

சமைத்தால் நஞ்சு நீங்காதா என்ற கேள்வி எழும். பூசணம் சாகும், நஞ்சு சாகாது. அரிசி கொதிக்கும் சூடும் குக்கரின் சூடும் அதற்குப் பொருட்டல்ல. வறுப்பதால் ஓரளவு குறையும், முற்றும் அழியாது. மேலே படர்ந்ததைத் துடைத்தெறிந்தாலும் பருப்பினுள் ஊறியது அங்கேயே இருக்கும். எண்ணெயின் செய்தி சற்றே வேறு. ஆலையில் காரமிட்டுச் சுத்திகரிக்கும்போது நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. செக்கில் ஆட்டி வடிகட்டிய கடலையெண்ணெயில் தங்கக்கூடும். செக்கெண்ணெயின் மணத்தை நாமும் விரும்புபவர்களே. ஆனால் ‘பழமையானது, ஆகவே தூயது’ என்று விளம்பரம் செய்வோரிடம், செக்கிலிட்ட கடலை எத்தகையது என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

பாலையும் குறிப்பிடவேண்டும். பூசணம் பிடித்த பிண்ணாக்கைத் தின்ற மாடு, அந்நஞ்சின் சிறு பகுதியை உருமாற்றிப் பாலில் விடுகிறது. காய்ச்சினாலும் அது போவதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ஆம் ஆண்டில் நாடெங்கும் திரட்டி, 2019இல் முடிவு வெளியிட்ட 6,432 பால் மாதிரிகளுள் 368இல் இந்நஞ்சு வரம்பை மீறியிருந்தது. தமிழ்நாட்டின் 551 மாதிரிகளுள் 88, டில்லியின் 262இல் 38, கேரளத்தின் 187இல் 37 அவ்வாறிருந்தன. பாலில் தண்ணீர் கலப்பதைப் பற்றி நாம் தலைமுறை தலைமுறையாகப் பேசிவருகிறோம். மாட்டின் தொட்டியில் என்ன கிடக்கிறது என்பதைப் பேசியதில்லை. தீவனத்தை மாற்றிய சில நாட்களுக்குள் பால் தூய்மையாகிவிடும் என்பது ஆறுதலான செய்தி. அதைச் செய்யவேண்டியவர்கள் மாடு வளர்ப்போரும் பால் கூட்டுறவுகளும் அரசும். வீட்டு அடுப்பங்கரையில் அதற்கு வழியில்லை.

அடுப்பங்கரையில் ஆகக்கூடியது வேறு. பூசணம் வளர ஈரம் வேண்டும். வேர்க்கடலைப் பருப்பின் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் ஈரம் இருத்தல் ஆகாது. வீட்டில் இதை அளப்பதற்கில்லை. ஆயினும் நமது பாட்டிமார் விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்தும், பல்லால் கடித்துப் பார்த்தும் ஏறத்தாழ அறிந்தார்கள். முறத்திலிட்டுச் சுருங்கியதையும் நிறம் மாறியதையும் ஓடு வெடித்ததையும் பொறுக்கியெறியும் அவர்களுடைய வழக்கத்தை ஆராய்ச்சியும் மெச்சுகிறது. நஞ்சு எல்லாப் பருப்பிலும் ஒன்றுபோல் பரவுவதில்லை. சில பருப்புக்களிலேயே திரண்டு நிற்கிறது. ஆகவே அச்சிலவற்றை நீக்கினால் பெரும்பகுதி நீங்கிவிடும். ஊரிலிருந்து கொணர்வோர் உடைத்த பருப்பைவிட ஓட்டோடு கூடிய கடலையைக் கொணர்வது நன்று. ஆண்டுக்கு வேண்டியதை ஒரே மூட்டையாக வாங்காமல், மழைக்கு முன்னர் சிறிதும் பின்னர் சிறிதுமாக வாங்கலாம். அயலூரில் ஊர்ச் சரக்கு அருமையானதென்று, கெட்ட பின்னும் காத்து வைப்பது நம்மவரிடையே காணும் பழக்கம். அந்த அருமையை முதலில் கைவிடவேண்டும். குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அரசு மருத்துவ நிலையங்களில் விலையின்றிப் போடப்படுகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடவேண்டும்.

பொறுக்கியெடுத்த கெட்ட கடலையைத் தெருவில் நிற்கும் பசுவுக்கு இடுவதைப் பல ஊர்களிலும் காண்கிறோம். வீணாக்கலாகாது என்னும் நல்லெண்ணத்தால் செய்வதுதான். எனினும் அது பாலாகத் திரும்பி வரும். கோழிக்கும் புறாவுக்கும் இடுவதும் அவ்வாறே தீங்கு. குப்பையோடு சேர்த்து அகற்றிவிடுவதே தக்கது.