பண்ணை மகள் பயிற்றுநரான கதை



பெண் பிள்ளை படித்து என்ன செய்யப் போகிறாள், அதிலும் பந்து விளையாடி என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. இது நம் தோட்டங்களில் மட்டும் எழும் கேள்வியன்று. செல்வ நாடு என்று நாம் சொல்லும் அமெரிக்காவிலும் இதே கேள்வி நெடுங்காலம் கேட்கப்பட்டது. அதற்குத் தம் வாழ்நாள் உழைப்பால் விடை சொன்ன ஒரு பெண்மணியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் பெயர் பேட் சம்மிட். டென்னசி பல்கலைக்கழகத்தின் மகளிர் கூடைப்பந்துக் குழுவுக்கு 1974 முதல் 2012 வரை, 38 பருவங்கள், தலைமைப் பயிற்றுநராக இருந்தவர்.

கூடைப்பந்து என்றதும் நம் பெண் பிள்ளைகள் பள்ளியில் ஆடும் வலைப்பந்து நினைவுக்கு வரலாம். இரண்டும் ஒன்றல்ல. வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவர் அதனுடன் ஓடக்கூடாது. கூடைப்பந்தில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடலாம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். பத்தடி உயரத்தில் இருக்கும் வளையத்துக்குள் பந்தைப் போட வேண்டும். ஓட்டமும் மூச்சும் மிகுதியாகத் தேவைப்படும் ஆட்டம் அது.

பேட் 1952-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் டென்னசி மாநிலத்தில் கிளார்க்ஸ்வில் என்னும் ஊரில் பிறந்தார். மூன்று அண்ணன்மார், ஒரு தங்கை. பெற்றோருக்குப் பால்மாட்டுப் பண்ணையும் புகையிலை விவசாயமும் இருந்தன. விடியற்காலை வேலை என்றால் என்னவென்று மரம் சீவப் போகும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் மழை பெய்தால் பால்வெட்டு நின்றுவிடும். பால்மாடோ மழைக்கும் காத்திராது, திருநாளுக்கும் காத்திராது. பெண் பிள்ளை என்பதற்காக அவருக்கு வேலை குறைக்கப்படவில்லை. மாடு கறப்பதும் வைக்கோல் அடுக்குவதும் புகையிலைக் கொல்லையில் களை வெட்டுவதும் அண்ணன்மாருக்கு உள்ளதுபோல் அவருக்கும் உண்டு.

வேலை முடிந்த பிறகு, வைக்கோல் பரணில் ஒரு வளையத்தை மாட்டி அண்ணன்மார் பந்தாடுவார்கள். அவர்கள் மூவர், இரண்டு பக்கமாகப் பிரிய நான்காவது ஆள் வேண்டும். அந்த நான்காவது ஆள்தான் பேட். தங்கை என்று அண்ணன்மார் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் இடிபட்டு விழுந்தே ஆட்டத்தைக் கற்றார்.

அவர் தந்தை அதிகம் பேசாத, கண்டிப்பான மனிதர். அவர் செய்த ஒரு காரியத்தைக் கேளுங்கள். அந்த வட்டாரத்து உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்குக் கூடைப்பந்துக் குழு இல்லை. குழு உள்ள பள்ளியில் மகள் சேர வேண்டும் என்பதற்காக அவர் குடும்பத்தோடு வேறு ஊருக்கே குடிபெயர்ந்தார். மகனுக்காக இடம் மாறிய தந்தையரை நாம் கண்டிருக்கிறோம். மகளுக்காக மாறியவர் எத்தனை பேர்?

அந்நாளில் டென்னசிப் பள்ளிகளில் பெண்கள் ஆடிய முறையே வேறு. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். மூவர் ஒரு பாதியில் நின்று பந்து போட வேண்டும். மூவர் மறுபாதியில் நின்று தடுக்க வேண்டும். நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. முழுத் திடலும் ஓடப் பெண்ணின் உடம்பு தாங்காது என்ற நம்பிக்கைதான் காரணம். பண்ணையில் நாள் முழுதும் உழைக்கும் பெண்ணுக்கு ஓட மட்டும் உடம்பு தாங்காதாம்! பிற்காலத்தில் இந்த விதி மாறியது. மாறவேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் பேட்டும் ஒருவர்.

கல்லூரி செல்லும் வயது வந்தது. விளையாட்டுத் திறமைக்காக அண்ணன்மாருக்கு உபகாரச் சம்பளம் கிடைத்திருந்தது. பெண்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே பேட்டின் படிப்புச் செலவைப் பெற்றோரே ஏற்றார்கள். அவர் மாணவியாக இருக்கும்போதே, 1972-இல், அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அரசாங்கப் பணம் பெறும் எந்தக் கல்வி நிலையமும் ஆண், பெண் என்று வேறுபாடு காட்டக்கூடாது என்றது அந்தச் சட்டம். பெண்கள் விளையாட்டுக்கும் கதவு மெல்லத் திறந்தது.

1974-இல் பேட்டுக்கு வயது 22. துணைப் பயிற்றுநர் வேலைக்காக டென்னசி பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அவர் வந்து சேருமுன் தலைமைப் பயிற்றுநர் விலகிவிடவே, அந்தப் பொறுப்பே அவர் தலையில் விழுந்தது. மாதச் சம்பளம் 250 டாலர். பயிற்சி கொடுப்பதும் அவரே, ஆட்டத்துக்குப் போகும் வேனை ஓட்டுவதும் அவரே, பிள்ளைகளின் சட்டைகளைத் துவைப்பதும் அவரே. அவருடைய முதல் ஆட்டம் ஒரே புள்ளியில், 84-க்கு 83 என்று, தோல்வியில் முடிந்தது.

அதற்கு முன்பே அவருடைய முழங்காலில் பலத்த காயம். இனி ஆட முடியாது என்றே பலரும் நினைத்தனர். ஆனால் அவர் மேற்படிப்புப் படித்துக்கொண்டே, பயிற்சி கொடுத்துக்கொண்டே, காலையும் தேற்றிக்கொண்டார். 1976-இல் மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாக மகளிர் கூடைப்பந்து சேர்க்கப்பட்டபோது, அமெரிக்கக் குழுவில் ஆடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க மகளிர் குழுவின் பயிற்றுநர் அவரே.

டென்னசியில் அவர் குழு 1987, 1989, 1991, 1996, 1997, 1998, 2007, 2008 ஆகிய எட்டு ஆண்டுகளில் கல்லூரிகளுக்கான தேசிய விருதை வென்றது. 1997-98 பருவத்தில் ஆடிய 39 ஆட்டங்களிலும் வெற்றி. மொத்தம் 1,098 வெற்றிகள், 208 தோல்விகள். மாதம் 250 டாலரில் தொடங்கியவரின் ஆண்டுச் சம்பளம் 2006-இல் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது.

இத்தனை வெற்றிக்கும் மந்திரம் ஏதும் இல்லை. தோட்டத்தில் பெரட்டுக்கு நேரத்தோடு நிற்பதுபோல், அவர் பயிற்சிக்கும் நேரத்தோடு நிற்க வேண்டும். பெண்களின் வேகம் கூடவேண்டும் என்று, பயிற்சியின்போது ஆண் மாணவர்களை எதிரே நிறுத்தி ஆட வைப்பார். சோம்பல் கண்டால் அவர் பார்க்கும் பார்வையே போதும் என்பார்கள். ஆனால் அவர் வைத்த விதிகளில் மிகப் பெரியது திடலில் இல்லை, வகுப்பறையில் இருந்தது. ஆட்டக்காரர் எவரும் வகுப்பைத் தவறவிடக் கூடாது. முதல் மூன்று வரிசைகளுக்குள் உட்கார வேண்டும். அவரிடம் தங்கள் ஆட்டக் காலத்தை முழுமையாக முடித்த பெண்கள் அத்தனை பேரும் பட்டம் பெற்றார்கள். நேயர்களே, எட்டு விருதுகளைவிட இதையே நான் பெரிதாக எண்ணுகிறேன். முழங்கால் ஒருநாள் ஓய்ந்துபோகும், பட்டம் ஓயாது.

அவர் பிடிவாதத்துக்கும் ஒரு சான்று உண்டு. 1990-இல், நிறைமாதக் கர்ப்பிணியாக, ஒரு மாணவியைக் குழுவில் சேர்க்க வெளிமாநிலத்துக்குப் பறந்து சென்றார். அந்த வீட்டில் இருக்கும்போதே பேற்று வலி கண்டுவிட்டது. வழியில் விமானத்தை இறக்கவா என்று கேட்டதற்கு, என் பிள்ளை டென்னசியில்தான் பிறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்படியே ஆண் குழந்தை அங்கே பிறந்தது. அந்த மாணவியும் பின்னாளில் டென்னசிக்கு வந்து 1996-இல் வென்ற குழுவில் ஆடினார். தாய்மார்களே, இதில் அவருடைய உறுதியைப் போற்றுங்கள். நிறைமாதத்தில் பயணம் செய்வதை மட்டும் பின்பற்றாதீர்கள்.

2011 ஆகஸ்டில், 59 வயதில், தமக்கு அல்சைமர் என்னும் மறதி நோய் வந்திருப்பதாக அவரே வெளிப்படையாக அறிவித்தார். ஆயிரம் ஆட்டங்களின் நுணுக்கங்களைத் தாங்கிய மூளைக்கு இப்படி ஒரு நோய். நம் வீடுகளில் பெரியவர்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், வழி மறந்து நின்றால், புத்தி பேதலித்துவிட்டது என்று ஏசுகிறோம். அல்லது வெளியே தெரியாமல் மறைக்கிறோம். அது மூளையின் அணுக்கள் சிறிது சிறிதாக அழிவதால் வரும் நோய். அது பைத்தியமும் அன்று, பாவமும் அன்று. முற்றாகத் தீர்க்கும் மருந்து இல்லை என்றாலும், முன்கூட்டியே மருத்துவரிடம் காட்டினால் குடும்பம் தன்னைத் தயார் செய்துகொள்ளலாம். பேட் மறைக்கவில்லை. துணைப் பயிற்றுநர்களின் உதவியோடு மேலும் ஒரு பருவம் பணியாற்றி, 2012 ஏப்ரலில் பொறுப்பை அவர்களில் ஒருவரிடம் ஒப்படைத்தார். இந்நோயை எதிர்க்க ஓர் அறநிதியும் அமைத்தார். 2016 ஜூன் 28-இல், 64-ஆம் வயதில் காலமானார்.

பெற்றோர்களே, நம் பெண்கள் எல்லாரும் பேட் சம்மிட் ஆக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளியில் மாலைப் பயிற்சி என்று மகள் சொன்னால், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, பாத்திரம் கழுவ ஆள் இல்லை என்று தடுக்காதீர்கள். வீட்டு வேலையை மகனுக்கும் பகிர்ந்து கொடுங்கள். பயிற்சிக்குப் போன மகளிடம், இன்று பாடம் எழுதினாயா என்றும் கேளுங்கள். கண்டிப்பு வேண்டும், அந்தக் கண்டிப்பு மகளுக்கும் மகனுக்கும் ஒன்றாக இருக்கட்டும். வாய்ப்பும் அப்படியே ஒன்றாக இருக்கட்டும்.

அந்தப் பண்ணைக்காரர் மகளுக்காகக் குடிபெயர்ந்தார். நம்மிடம் கேட்கப்படுவது அவ்வளவு பெரிய காரியம் அன்று. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் அனுமதிக் கடிதத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.