ஜீவனாம்சக் கணக்கு



சென்ற ஆண்டு, பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ் வேண்டி ஒரு தாய் என்னிடம் வந்தார். மணவிலக்குப் பெற்றவர், தாம்பரத்தில் வீட்டு வேலை செய்து இரு குழந்தைகளை வளர்ப்பவர். ஜீவனாம்ச மனுவில் மாதம் 2,000 ரூபாய் மட்டுமே கேட்டிருந்தார். காரணம் வினவினேன். "அதிகம் கேட்டால் பேராசைக்காரி என்பார்களே, ஐயா" என்றார்.

அன்று இருவரும் அமர்ந்து கணக்கெழுதினோம். வாடகையில் பிள்ளைகளின் பங்கு, அரிசி, பால், காலணி, மருந்து எனத் தொகை 7,000ஐத் தாண்டியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏது செலவு என்பது எதிர்த்தரப்பின் வாதமாம். சீருடையும் மதிய உணவும் பள்ளி தரும். இரவுச் சோற்றை யார் தருவது?

1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மாதம் 500 ரூபாய் என வரம்பு கட்டியிருந்தது. 2001இல் அது நீங்கியது. இன்று இதற்கு நிலையான வாய்பாடு கிடையாது. கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு மனைவிக்குத் தகும் என 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறிற்று; அஃது எல்லா வழக்கிற்கும் விதியன்று. 2020ஆம் ஆண்டின் ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பின்படி இரு தரப்பாரும் வருவாய், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும்; மனுச் செய்த நாள் முதலே தொகை கணக்காகும்.

வழக்கறிஞருக்குப் பணமில்லையே எனத் தயங்க வேண்டா. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. செங்கற்பட்டில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

அத்தாயின் மனு திருத்தப்பட்டு விசாரணையில் உள்ளது. அடுத்த வாய்தாவிற்கு மருந்துச் சீட்டுகளையும் வாடகை ரசீதுகளையும் கட்டி வைத்திருக்கிறார்.