எந்தக் கோடும்மா?

(அம்பத்தூரில் நடந்த பட்டிமன்றம். பொருள்: பிள்ளைகளின் கையெழுத்து நன்றாக அமையப் பெரிதும் துணை நிற்பது ஏற்ற நோட்டே! இடைவிடாத பயிற்சியே! "ஏற்ற நோட்டே" என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே மறுப்புக் குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்ட எதிரணி நண்பர்களே! ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயில், பூந்தமல்லி என்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் வந்து, உட்கார இடமில்லாமல் ஓரத்திலே நின்று கொண்டிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! 

எதிரணித் தலைவர் ஒரு வெள்ளைத் தாளைத் தூக்கிக் காட்டினார். "கோடே கிடையாது, என் கையெழுத்தைப் பாருங்கள்" என்றார். பார்த்தேன் ஐயா. வரி அம்பத்தூர் ஓ.டி.யிலே புறப்படுகிறது. ஒழுங்காகப் போனால் ஆவடிக்குப் போகணும். அது மேலே ஏறி ரெட்ஹில்ஸ் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது! (சிரிப்பு)

அவருக்குப் பின்னால் வந்த தம்பி, "கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது" என்று ஒரு பழைய பேச்சை எடுத்து விட்டார். தம்பி, அந்தத் தலையெழுத்தை எழுதினவன் பிரம்மா. அவன் மட்டும் ரெண்டு கோடு நோட்டு வாங்கி எழுதியிருந்தா நம்ம பாடு ஏன் இப்படிக் கோணலாப் போகுது? (சிரிப்பு, கைதட்டல்)

சரி, சிரித்தது போதும். ஜூன் மாத முதல் வாரம் இந்த ஊரிலே ராத்திரி எட்டு மணிக்கு நடக்கிறதைச் சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டிலே துணி தைக்கிற கம்பெனியில் வேலை செய்கிற ஒரு தாய். ஷிப்ட் முடிந்து நேராக வீட்டுக்குப் போகவில்லை. கையிலே ஒரு சீட்டு. பள்ளிக்கூடத்திலே கொடுத்த சீட்டு. அதிலே இங்கிலீஷில் எழுதியிருக்கிறது: ஃபோர் ரூல்டு ஆறு, டபுள் ரூல்டு நாலு, பாக்ஸ் மூணு. அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. கடைக்காரரிடம், "அண்ணே, ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைக்குக் கோடு போட்ட நோட்டு குடுங்க" என்கிறாள். கடைக்காரர் கேட்கிறார், "எந்தக் கோடும்மா? ரெண்டு கோடா, நாலு கோடா, ஒத்தைக் கோடா? நாலு கோட்டிலே பெரிசா, சின்னதா?" அவள் சீட்டை நீட்டுகிறாள். கூட்டம் நெருக்குகிறது. அவர் பாதி படித்துவிட்டு, இருக்கிறதை எடுத்துக் கட்டிக் கொடுக்கிறார்.

ராத்திரி பதினொரு மணி வரைக்கும் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி அனுப்புகிறாள். மறுநாள் அத்தனையும் திரும்பி வருகிறது! இடைவெளி சிறிசா இருக்கிறதாம், சின்னக் கோடு நோட்டாம். அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் நமக்கு வேண்டாம். அட்டை போட்ட நோட்டைக் கடையிலே திருப்பி எடுப்பார்களா? மாட்டார்கள். கூலிப் பணம் போச்சு. அதைவிடப் பெரிய கொடுமை, அந்த ஆறு வயதுக் குழந்தை "உங்கம்மாவுக்கு ஒரு நோட்டு வாங்கத் தெரியாதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருக்கிறது. நடுவர் அவர்களே, அந்தக் குழந்தைக்குப் பயிற்சியைப் பற்றி எதிரணி என்ன பாடம் சொல்லப் போகிறது? பயிற்சி செய்ய முதலில் அதற்கு எழுதுகிற இடம் வேண்டாமா?

சரியான நோட்டு என்றால் என்ன என்று எதிரணி அம்மையார் கேட்டார்கள். சொல்கிறேன்.

நாலு கோடு நோட்டு ஆங்கிலத்துக்கென்று அமைந்தது. ஆங்கிலச் சின்ன எழுத்திலே மூன்று மாடி இருக்கிறது. ஏ, சி, ஓ இவையெல்லாம் நடு மாடியிலே குடியிருக்கும். பி, டி, ஹெச் மேல்மாடிக்குத் தலையை நீட்டும். ஜி, ஒய் கீழே காலைத் தொங்கப் போடும். மூன்று மாடிக்கு நாலு கோடு. கணக்கு சரியாக இருக்கிறது.

நம்ம தமிழுக்கு வாருங்கள். ரெண்டு கோடு நோட்டு கொடுக்கிறோம். அந்த ரெண்டு கோட்டுக்குள்ளே "ப" எழுதலாம், "ட" எழுதலாம். "கி" எழுதுங்கள், பார்ப்போம். மேலே ஒரு விசிறி விரிகிறது. "கீ"க்கு அந்த விசிறியிலே ஒரு சுழி வேறு. "பு"வுக்குக் கால் கீழே இறங்குகிறது. "து" கீழே போய் வளைந்து வருகிறது. "ழ" இருக்கிறதே, தமிழுக்கே பெருமை என்கிறோம், அதன் வால் கோட்டுக்குக் கீழேதான் ஆடுகிறது. தமிழுக்கும் மூன்று மாடிதான் ஐயா! ஆனால் நாம் குழந்தைக்குக் கொடுத்திருப்பது ஒரு மாடி வீடு.

குழந்தை என்ன செய்யும்? கோட்டைத் தாண்டாதே என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். அதனாலே விசிறியையும் வாலையும் ரெண்டு கோட்டுக்குள்ளேயே திணிக்கும். திணிக்கிறதுக்கு இடம் வேண்டும் என்று "க"வின் வயிற்றைச் சுருக்கும். கடைசியிலே "கி"யும் "சி"யும் ஒண்ணு போலத் தெரியும். டீச்சர் சிவப்பு மையிலே சுழிப்பார். "நூறு தடவை எழுதிட்டு வா" என்பார். இதுதான் எதிரணி சொல்கிற பயிற்சி! தப்பாக நூறு தடவை எழுதினால் தப்புதானே கையிலே படியும்? (பலத்த கைதட்டல்)

விவரம் தெரிந்த ஆசிரியர் என்ன செய்கிறார் தெரியுமா? "ரெண்டு கோட்டுக்கு நடுவிலே எழுத்தின் உடம்பை எழுது, விசிறி மேலே போகட்டும், வால் கீழே போகட்டும்" என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார். அப்படி மேலேயும் கீழேயும் போவதற்கு வெற்றிடம் விட்டு அச்சடித்த நோட்டாக எடுத்துக் காட்டுகிறார். வரிக்கு வரி ஒட்டி அடித்த நோட்டிலே மேல்வரி "பு"வின் காலும் கீழ்வரி "கி"யின் விசிறியும் மோதிக்கொள்ளும். மின்சார ரயிலிலே காலையிலே எட்டு மணிக்கு நிற்கிற மாதிரி நிற்கும்! (சிரிப்பு) இதுதான் நான் சொல்கிற சரியான நோட்டு. கடையிலே பார்த்த உடனே கண்டுபிடிக்கலாம். அட்டைப் படத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே ஒரு பக்கத்தைத் திறந்து, ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவிலே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள்.

கணக்குக்கான கட்டம் போட்ட நோட்டைப் பற்றி நான் அதிகம் பேச வேண்டியதில்லை. ஒன்றின் கீழே ஒன்று, பத்தின் கீழே பத்து நிற்க வேண்டும். நகர்ந்தால் கூட்டலே தப்பு. அங்கே கட்டம் பாதி வாத்தியார்.

"ஓலையிலே ஏது கோடு? நம் முன்னோர் எழுதவில்லையா?" என்று தம்பி ஒரு பெரிய குண்டு போட்டார். தம்பி, பனையோலையை நீங்கள் விசிறியாக மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். ஓலையை எடுத்து வெளிச்சத்திலே பிடித்துப் பாருங்கள். நெடுக நரம்பு ஓடும், நேராக, ஒன்றுக்கொன்று இணையாக. கோடு போட்ட நோட்டை இயற்கையே அச்சடித்துக் கொடுத்திருந்தது! அந்த நரம்பை ஒட்டித்தான் எழுத்தாணி ஓடியது. ஓலையிலே பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள், ஓலை பொத்துவிடும் என்பதற்காக. புள்ளியில்லாத அந்தச் சுவடிகளைப் படித்துத்தான் உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். எழுதுகிற பொருள், எழுத்தின் உருவத்தையே மாற்றும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அம்மையார் மணலைச் சொன்னார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலிலே கோடு ஏது என்றார்கள். அருமையான கேள்வி. நம் சென்னை எழும்பூரில் 1789 முதல் ஆண் அனாதைப் பிள்ளைகளின் இல்லத்தை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். நம்ம ஊர்ப் பிள்ளைகள் மணலிலே விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதை வைத்தார். 1797-இல் இங்கிலாந்திலே புத்தகமாகவே எழுதினார். "மதராஸ் முறை" என்று அங்கே பெயரே வந்தது. ஏன் மணல்? சின்னக் குழந்தைக்கு விரல் தசை முற்றவில்லை. தோளிலிருந்து கை முழுவதும் ஓட்டித்தான் எழுதும். அதற்குப் பெரிய இடம் வேண்டும். மணல் கொடுத்தது. அம்மா, அந்த வயதுக்கு அந்த மணல்தான் ஏற்ற நோட்டு! நீங்கள் எங்கள் அணிக்குத்தான் பேசியிருக்கிறீர்கள், நன்றி! (சிரிப்பு, கைதட்டல்)

இப்போது கொஞ்சம் வருத்தமான விஷயம். கொரோனா காலத்திலே பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தது. நம் மாநிலத்திலே ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தார்கள். இரண்டாம் வகுப்பிலே வந்து உட்கார்ந்த பிள்ளை அதற்கு முன்னால் பள்ளிக்கூட வாசலையே பார்த்ததில்லை. பென்சிலே பிடித்ததில்லை. ஆனால் அதற்கு இரண்டாம் வகுப்பு நோட்டு! சின்னக் கோடு! வகுப்பைப் பார்த்தார்களே தவிர, கையைப் பார்க்கவில்லை. இந்த இழப்பை உணர்ந்துதான் 2022 ஜூனில், ஆவடியும் பூந்தமல்லியும் இருக்கிற இதே திருவள்ளூர் மாவட்டத்திலே, "எண்ணும் எழுத்தும்" திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, பிள்ளை எந்த நிலையிலே இருக்கிறதோ அந்த நிலையிலிருந்து கற்பிப்பது என்று அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்தார்கள். பாடத்துக்கு அரும்பும் மொட்டும் பார்க்கிற நாம், நோட்டுக்குப் பார்த்தோமா?

"வீட்டிலே தினம் பத்துப் பக்கம் எழுத வை" என்றார் எதிரணித் தலைவர். ஐயா, 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது, பையின் எடை பிள்ளையின் எடையிலே பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தச் சொல்லி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. பதினெட்டுக் கிலோ பிள்ளைக்கு ஒண்ணே முக்கால் கிலோ சொச்சம். நீங்கள் சொல்கிற பத்துப் பக்கத்துக்கு 192 பக்க நோட்டு இருபது நாள்கூட வராது! இருபத்து நாலு தாள் ஒரு குயர். மடித்துத் தைத்தால் 96 பக்கம், ரெண்டு குயருக்கு 192. அதைச் சுமக்கிறது உங்கள் தோள் இல்லை, பிள்ளையின் தோள்.

நடுவர் அவர்களே, பூந்தமல்லியிலே பார்வைத்திறன் குறைந்த பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. பிரெய்லி எழுதுகிற பிள்ளையின் கையிலே ஒரு சட்டம் இருக்கும். கெட்டித் தாளை அதற்குள்ளே வைத்து, வரிசை வரிசையாக இருக்கிற சின்னச் சின்ன ஜன்னலுக்குள்ளே ஊசியால் புள்ளி குத்த வேண்டும். வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு, "பயிற்சி போதும், வெறும் தாளிலே குத்து" என்று அந்தப் பிள்ளையிடம் எதிரணி சொல்லுமா? (கைதட்டல்) கண் தெரிகிற ஆறு வயதுப் பிள்ளைக்கும் கை இன்னும் பழகாத கைதான். அதற்கும் ஒரு சட்டம் வேண்டும். அந்தச் சட்டம்தான் கோடு.

கோடு என்றைக்கும் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். நடைவண்டியைக் கல்யாணத்துக்கா தள்ளிக்கொண்டு போகிறோம்? பெரிய ரெண்டு கோடு, பிறகு சின்ன ரெண்டு கோடு, பிறகு ஒத்தைக் கோடு, பிறகு வெள்ளைத் தாள். எப்போது மாற்றுவது என்பதைப் பிள்ளையின் எழுத்தைப் பார்த்து ஆசிரியர் முடிவு பண்ணட்டும்.

இங்கே இருக்கிற தலைமையாசிரியர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். அந்தச் சீட்டைத் தமிழிலே எழுதுங்கள். பக்கத்திலே நோட்டின் ஒரு கீற்றை, இரண்டே வரி, வெட்டி ஒட்டிக் கொடுங்கள். எஸ்டேட்டிலிருந்து வருகிற அந்த அம்மா கடையிலே நீட்டினால், "எந்தக் கோடும்மா?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆண்டர்சன் தெருவுக்கு ரயிலேறிப் போய் மொத்தமாக வாங்குகிற அப்பாவும் தப்பாக ஒரு டஜன் வாங்கி வரமாட்டார்.

நடுவர் மணியடித்துவிட்டார். எதிரணித் தலைவர் அந்த வெள்ளைத் தாளை இன்னும் கையிலேயே வைத்திருக்கிறார். போகும்போது இந்த ஸ்கேலை வாங்கிக்கொண்டு போங்கள் ஐயா. (சிரிப்பு)