லயத்துக்கு வந்த சித்தி
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியர் ஆற்றிய உரை)



"பெண்கள் கண்ட கலை" என்று தலைப்புத் தந்தார்கள். நாங்கள் ஒரு தொலைக்காட்சி நாடக நடிகையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சங்கத்திலேயே சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

1999 டிசம்பரில் சன் டீவியில் 'சித்தி' தொடங்கியபோது நாங்கள் சாதாரண தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தோம். அந்த நாடகம் எங்கள் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. லயத்தில் டீவி இருந்த காம்பராவில்தான் எல்லோரும் கூடுவோம். காலையில் பெரட்டுக்கு நிற்க வேண்டிய அம்மாமார் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். "இவ்வளவு அழுதும் பொட்டு அழியலையே" என்று கேலியும் செய்வார்கள். மறுநாள் கொழுந்து மலையில் பேச்செல்லாம் அதுதான்.

சிவகுமாருடன் அதில் நடித்த ராதிகா, எம்.ஆர். ராதாவின் மகள். தாயார் கீதா இலங்கைத் தமிழர். ராதிகா இந்த நாட்டிலும் படித்தவர். 1978இல் பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் அறிமுகமானபோது வயது பதினாறுகூட நிறையவில்லை. சினிமாவில் கதாநாயகிக்கு முப்பது தாண்டினால் அக்கா, அண்ணி, அம்மா வேடம்தான். அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. ராடன் என்ற சொந்த நிறுவனத்தில் நாடகம் தயாரித்து, அதில் தாமே நடித்தார். 'சித்தி'க்குப் பின் 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே' என்று நீண்டு, 2013இல் தொடங்கிய 'வாணி ராணி'யில் இரட்டை வேடம். நடிப்பை நாங்கள் அன்றே கண்டோம். தயாரிப்பாளர் பெயரும் அவருடையதே என்பதைக் கவனிக்க வெகுகாலம் எடுத்தது. எங்கள் அம்மாமாருக்குப் பேர் போடுவது கணக்கப்பிள்ளை. கிலோ குறைந்தால் அரைப்பேர். அதனால்தானோ என்னவோ, அந்தச் செய்தி எங்களுக்குப் பெரிதாகப்பட்டது.

அந்த நாடகங்களில் வந்ததையெல்லாம் நாங்கள் ஏற்கவில்லை. பெண்ணுக்குப் பெண்ணே சூழ்ச்சி செய்வது அலுத்துப்போனது. ஆனால் 'சித்தி' என்ற சொல் எங்களுக்கு வேறு. எங்கள் வகுப்பில் மூன்று பேரின் அம்மாமார் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். பிள்ளைகளைச் சித்திதான் வளர்த்தார். கதைகளில் சித்தி என்றால் கொடுமைக்காரி. இந்தக் கதையில் அவள் தாயாக நின்றாள். அந்த மூவரில் ஒருத்தி, நாடகம் முடியும்வரை சித்தியின் கையை விடாமல் உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்கு நடிக்க ஆசை. தமிழ்மொழித் தின நாடகத்துக்குத் தெரிவானபோது, "கூத்தாட விடமாட்டேன்" என்றார் மாமா. சித்தி ஒன்றும் பேசவில்லை. அரைநாள் வேலையை விட்டுவிட்டு, தன் கூறைச் சேலையை ஒரு பையில் போட்டுப் பாடசாலைக்குக் கொண்டுவந்து தந்தார். சேலைக்கு ஊசி குத்திவிட்டது நாங்கள்தான். மேடையில் அது ஒருமுறை அவிழ்ந்தும் போனது. அவள் நிறுத்தாமல் நடித்தாள்.

இன்று அவள் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. அவளுடைய பிள்ளைகளின் நாடகம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இதே மேடையில். சித்தி மூன்றாவது வரிசையில் இருக்கிறார். பஸ்ஸைப் பிடிக்க அவசரப்படாமல் இருந்து பார்த்துவிட்டுப் போங்கள்.