இதயத்தை எட்டும் முன்பே: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கடக்கும் பாதை



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் பெண்கள் நலம் பற்றி, எல்லாருக்கும் புரிகிற மாதிரி பேசுங்கள் என்றார்கள். நான் எடுத்துக்கொண்டதோ மகளிர் புற்றுநோய் இதயத்துக்குப் பரவுவது பற்றி. அது அரிதிலும் அரிது. பல மருத்துவர்கள் தங்கள் பணிக்காலம் முழுவதிலும் அப்படி ஒரு நோயாளியைப் பார்த்திருக்க மாட்டார்கள். இருந்தும் இதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. கர்ப்பப்பை வாயில் தொடங்கிய நோய் இதயத்தை எட்டியிருந்தால், இடையில் பெரும்பாலும் பல ஆண்டுகள் கழிந்திருக்கும். அந்த ஆண்டுகளில் எங்கெங்கே அதைத் தடுத்திருக்கலாம் என்று திரும்பிப் பார்க்க, கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்குவதே நல்லது.

1. இதயம் ஏன் பெரும்பாலும் தப்பிக்கிறது?

இதயத்திலேயே தோன்றும் புற்றுநோய் மிகமிக அரிது. வேறு உறுப்பிலிருந்து இதயத்துக்கு வந்து சேர்வது அதைவிடப் பல மடங்கு அதிகம். புற்றுநோயால் இறந்தவர்களின் உடற்கூறாய்வுகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவரின் இதயத்தில் பரவல் இருந்ததாகப் பல தொகுப்புகள் சொல்கின்றன. நுரையீரல், மார்பகம், ரத்தம், நிணநீர், மெலனோமா எனும் தோல் புற்று ஆகியவைதான் இதில் முன்னிலை. கர்ப்பப்பை வாய், கர்ப்பப்பை, சினைப்பை ஆகியவற்றின் புற்றுகள் இந்த வரிசையில் பின்னால் நிற்பவை.

1889இல் ஸ்டீஃபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் ஆய்வுக் குறிப்புகளைப் பார்த்து ஒரு கருத்தைச் சொன்னார். விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அது. புற்றணுக்களுக்கு இதயம் ஏற்ற மண் அன்று. அது ஓயாமல் சுருங்கி விரிகிறது. அதன் அறைகளில் ரத்தம் வேகமாகப் பாய்கிறது. அதன் நிணநீர் இதயத்தை விட்டு வெளியே செல்லும் திசையில் ஓடுகிறது. உடலைச் சுற்றும் ரத்தத்தில் இருபதில் ஒரு பங்குதான் இதயத் தசையின் சொந்தத் தேவைக்கு வருகிறது. ஆகவே வழிதவறி வரும் அணுக்களில் பெரும்பாலானவை அங்கே ஒட்டுவதே இல்லை.

2. நான்கு வழிகள்

அப்படியும் நோய் இதயத்தை எட்ட நான்கு வழிகள் உண்டு: நிணநீர்ப் பாதை, ரத்தப் பாதை, பக்கத்து உறுப்பிலிருந்து நேரடியாகப் பரவுவது, பெருஞ்சிரைக்குள்ளேயே வளர்ந்து மேலேறுவது.

கர்ப்பப்பை வாய்ப் புற்று பெரும்பாலும் நிணநீர் வழியைத்தான் பிடிக்கிறது. முதலில் கர்ப்பப்பையின் பக்கத் திசுக்கள், பிறகு இடுப்பெலும்புக் கூட்டுக்குள் உள்ள நிணநீர்க் கணுக்கள், அடுத்து வயிற்றின் பின்புறம் பெருந்தமனியை ஒட்டிய கணுக்கள். அங்கிருந்து மார்பு நிணநீர்க் குழாயில் ஏறி இடது கழுத்தடிக்கு வருகிறது. இடது காறையெலும்புக்கு மேலே கெட்டியாக ஒரு கட்டி தட்டுப்பட்டால் மருத்துவர் வயிற்றையும் பரிசோதிப்பது இதனால்தான். அந்தக் குழாய் சிரையில் சேர்கிறது. சிரை ரத்தம் இதயத்தின் வலது பக்கத்துக்கு வருகிறது. நடுமார்பின் கணுக்கள் நோயால் அடைபட்டால் நிணநீர் திசை திரும்பி இதய உறைக்குள் நுழைவதும் உண்டு.

நான்காவது வழி வியப்பானது. கர்ப்பப்பையில் வரும் சாதாரண ஃபைப்ராய்டு கட்டி, மிக அரிதாகச் சிரைக்குள் புகுந்து, கீழ்ப் பெருஞ்சிரை வழியே கயிறாக நீண்டு, இதயத்தின் வலது மேலறை வரை போய்விடும். 1896இல் சிரைக்குள் வளரும் இந்தக் கட்டி முதலில் பதிவானது. 1907இல் அது இதயம் வரை சென்றதும் பதிவானது. நுண்ணோக்கியில் பார்த்தால் அது புற்றே அல்ல. மகளிர் நல அறுவை மருத்துவரும் இதய அறுவை மருத்துவரும் சேர்ந்து அதை முழுதாக எடுத்துவிட்டால் அந்தப் பெண் நலமாக வாழ முடியும். இதயத்தில் கட்டி என்றவுடன் எல்லாம் முடிந்தது என்று யாரும் தீர்மானித்துவிடக் கூடாது.

3. மூச்சு வாங்குகிற பெண்

இனி படுக்கையருகே வருவோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் 'கரண்ட் வைத்து', அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை முடித்து, ஓராண்டு ஆன ஒரு பெண் மூச்சு வாங்குகிறது என்று வருகிறார். மல்லாந்து படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே தூங்குகிறார். நாடி விரைவாக ஓடுகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, கழுத்துச் சிரைகள் புடைத்திருக்கின்றன, ஸ்டெதஸ்கோப்பில் இதய ஒலி எங்கோ தொலைவில் கேட்கிறது. இந்த அடையாளங்கள் சேர்ந்து வந்தால் இதய உறைக்குள் நீர் கோத்து இதயத்தை அழுத்துகிறது என்று பொருள்.

அந்த உறைக்குள் இயல்பாக இருப்பது 15 முதல் 50 மில்லி லிட்டர் வரையிலான திரவம்தான். மெல்ல மெல்லச் சேர்ந்தால் உறை விரிந்து ஒரு லிட்டரைக் கூடத் தாங்கும். திடீரென்று சேர்ந்தால் 200 மில்லி லிட்டரே உயிருக்கு ஆபத்தாகும். எக்கோ திரையில் இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை தெரியும். இதயம் விரிய வேண்டிய நொடியில் வலது அறைகளின் மெல்லிய சுவர் உள்ளே மடங்குவதைக் கண்ணாலேயே காணலாம். மார்பெலும்பின் அடியில் ஊசி செலுத்தி, எக்கோவைப் பார்த்துக்கொண்டே நீரை எடுப்பார்கள். கொஞ்சம் வெளியேறியதுமே அழுத்தம் ஏறும், மூச்சு சீராகும்.

மாணவர்கள் இங்கே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். புற்றுநோய் வந்த பெண்ணின் இதய உறையில் நீர் இருந்தால் அது புற்றின் நீராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் நாட்டில் காசநோயும் இதய உறையில் நீர் கோக்க வைக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்று சிறுநீர்க் குழாய்களை அழுத்தி, சிறுநீரகம் செயலிழந்து, யூரியா ஏறினாலும் நீர் கோக்கும். முன்பு மார்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் அதுவும் ஒரு காரணம். காசநோய்க்கு மருந்து உண்டு, சிறுநீர் அடைப்பை நீக்க வழி உண்டு. எடுத்த நீரை உயிரணுச் சோதனைக்கும் காசநோய்ச் சோதனைக்கும் அனுப்பாமல் கைவிரித்துவிட்டால், குணமாக்கக்கூடிய ஒரு நோயைக் கடைசிக் கட்டம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியவர்கள் ஆவோம்.

4. முத்துப்பிள்ளையும் ஒரு மருந்தும்

இதயத்தை எட்டக்கூடிய இன்னொரு மகளிர் புற்று, கர்ப்பத்தின் பின்விளைவாக வருவது. 'முத்துப்பிள்ளை' என்று நம் பாட்டிமார் சொன்ன கர்ப்பம் உண்டு. கரு வளராமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் முத்து முத்தாகக் கொப்புளம் கட்டி வளரும். அதன் பின்விளைவாகச் சில பெண்களுக்குக் கோரியோகார்சினோமா என்ற புற்று வரும். அது ரத்தத்தில் விரைந்து பரவி நுரையீரலையும் மூளையையும், அரிதாக இதயத்தின் வலது பக்கத்தையும் தாக்கும். ஒரு காலத்தில் அது பரவினால் சாவுதான்.

1956இல் அமெரிக்காவில் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்து, பரவிவிட்ட அந்தப் புற்றைக் குணமாக்கிக் காட்டினார்கள். அந்த மருந்துக் குடும்பம் பிறந்தது லெடர்லி ஆய்வகத்தில். அங்கே ஆராய்ச்சியை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1948இல் மறைந்ததால் இந்த வெற்றியை அவர் பார்க்கவில்லை. முத்துப்பிள்ளை கர்ப்பம் கலைந்த பிறகு மருத்துவர் சொன்ன தேதிகளில் ஹெச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனைக்கு வந்துகொண்டிருந்தால், இந்தப் புற்று தொடக்கத்திலேயே பிடிபடும்.

5. நம் பக்கத்துக் கதை

புற்றுநோய் மருத்துவத்தில் நம் சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் பின்தங்கியது அன்று. தங்கை புற்றுநோயில் 1923இல் இறந்த துயரத்தைச் சுமந்த முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கைகளோடு தொடங்கினார். அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியும், 2021இல் மறைந்த வி. சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். 1969இல் அண்ணா புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் எழுந்தது. அந்நாளில் காஞ்சிபுரமும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கோ 1965 முதல் வரலாறு உண்டு.

ஆனால் மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேட்டிலோ தேவனேரியிலோ மீன் விற்கும் ஒரு பெண்ணுக்கு இவையெல்லாம் தூரத்து ஊர்கள். வெள்ளைப்படுகிறது என்றால் உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடிப்பார். தீட்டு நின்று சில வருடம் கழித்து மறுபடி ரத்தம் பட்டாலும், வீட்டுக்காரரோடு சேர்ந்த பிறகு ரத்தம் பட்டாலும், மகளிடம்கூடச் சொல்ல மாட்டார். சதுரங்கப்பட்டினம் பக்கம் புற்றுநோய் என்றாலே பேச்சு கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பக்கம் திரும்பிவிடும். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றைப் பொறுத்தவரை காரணம் தெளிவாகவே தெரியும். அது ஹெச்.பி.வி. என்ற வைரஸ். அந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரஸின் 16, 18 ஆகிய இரு வகைகள் மட்டும் பத்தில் ஏழு கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளுக்குக் காரணம்.

6. திண்டுக்கல் சொன்ன பாடம்

2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குப் புதிதாகக் கர்ப்பப்பை வாய்ப் புற்று வந்ததாகவும், ஏறத்தாழ 80,000 பேர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகிறது. கண்ணால் பார்க்கும் எளிய சோதனையாலேயே இதைக் குறைக்க முடியும் என்று காட்டியது தமிழ்நாடு. 2000இல் திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை கிறித்தவ மருத்துவமனையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 31,343 பேரைச் செவிலியர்கள் பரிசோதித்தார்கள். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெளுத்த திட்டு தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் சோதனை. தெரிந்தால் பெரும்பாலும் அதே நாளில், குளிர்வித்து அந்த இடத்தை அழிக்கும் சிகிச்சையும் நடந்தது. ஆய்வை நடத்திய சங்கரநாராயணன் குழுவினர் 2007இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் நோய் நான்கில் ஒரு பங்கும், சாவு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலும் குறைந்திருந்தது.

அந்தச் சோதனை இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 30 வயது கடந்த பெண்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கிறது. ஹெச்.பி.வி. தடுப்பூசியும் வந்துவிட்டது. 2022இல் புனேயின் சீரம் நிறுவனம் இந்தியாவிலேயே உருவாக்கிய தடுப்பூசியை அறிவித்தது. 2025 மார்ச்சில் தாக்கலான தமிழக நிதிநிலை அறிக்கை, 14 வயதுச் சிறுமியருக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போடப்படும் என்றது. செங்கல்பட்டை அடுத்த நம் திருமணியிலோ பெரிய தடுப்பூசி வளாகம் கட்டப்பட்டும் எதிர்பார்த்த உற்பத்தி பல ஆண்டுகளாகத் தொடங்கவில்லை. அது இயங்க வேண்டும் என்று கேட்பது இந்த மாவட்டத்து மக்களின் உரிமை.

7. வேண்டுகோள்

பரிசோதனை செய்வதோடு வேலை முடிவதில்லை. வெள்ளைத் திட்டு தெரிந்த பெண் அடுத்த சோதனைக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு வர வேண்டும். அதற்கு மாமல்லபுரம் வந்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். ஒரு நாள் வியாபாரம் போகும். துணைக்கு ஆள் வேண்டும். வீட்டில் காரணம் சொல்ல வேண்டும். 'அடுத்த மாசம் போய்க்கலாம்' என்று தள்ளிவைப்பது இந்த இடத்தில்தான். நோய் இடுப்பெலும்புக் கூட்டைத் தாண்டுவதற்கு நாமே கொடுக்கும் அவகாசம் அது.

ஆகவே அறக்கட்டளை நிர்வாகிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடத்துங்கள், மகிழ்ச்சி. வட்டித் தொகையில் ஒரு பங்கை, திட்டு தெரிந்த பெண்களுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் பஸ் கட்டணத்துக்கும் அன்றைய கூலிக்கும் ஒதுக்குங்கள். செவிலியர்களே, இந்தக் கடற்கரை ஊர்களில் எத்தனை பேருக்குத் திட்டு தெரிந்தது, அவர்களில் எத்தனை பேர் பயாப்சி எனும் திசுச் சோதனை வரை வந்தார்கள் என்ற இரண்டு எண்களைப் பதிவேட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேச வருபவர் முதலில் அந்த இரண்டு எண்களை வாசிக்கட்டும். அவற்றின் இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் கொண்டு இந்த அறக்கட்டளையின் பயனை அளக்கலாம்.