ஏழு பேர் குடும்பத்துக்கு எந்த டீசல் என்ஜின்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கார் என்ஜினைப் பற்றி ஒரு கருத்தரங்கமா?" என்று வந்ததும் வராததுமாக ஒரு பெரியவர் கேட்டார். வீட்டுக்கு அடுத்தபடியாக நம் குடும்பங்கள் அதிகம் கடன்படுவது வாகனத்துக்குத்தான் ஐயா. ஒன்பது ஆண்டு வரை தவணை. தொடக்கப்பள்ளியில் சேர்ந்த பிள்ளை ஐந்தாம் படிவத்தை நெருங்கும் வரை கட்டிக்கொண்டே இருக்கிறோம். பேசாமல் எப்படி இருப்பது?

நான் பொறியியல் படித்தவன் இல்லை. தகவல் தொடர்பில் டிப்ளோமா வாங்கிவிட்டு ஒலிவாங்கி பிடித்தவன். அதனால் பட்டறைக்காரர்களிடமும் வண்டி வைத்திருப்பவர்களிடமும் கேட்டு, கணக்குப் போட்டுப் பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், தாத்தா, பாட்டி. ஏழு பேர். சின்ன கார் போதாது. உடனே யாராவது ஒரு மாமா சொல்வார், "டீசல் வாங்குப்பா. இந்தியாவில் பார், எல்லாம் டீசல் இன்னோவாதான்" என்று. அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. சென்னையில் இறங்கி வாடகை இன்னோவாவில் பழநிக்கும் இராமேஸ்வரத்துக்கும் போய் வந்தவர்கள் நம்மில் ஏராளம். எட்டுப் பேர், கூரை மேல் பெட்டிகள், அப்படியும் வண்டி முனகாமல் ஓடும். ஆனால் 2005இல் இன்னோவா மலேசியாவுக்கு வந்தபோது 2.0 லிட்டர் பெட்ரோல் என்ஜினோடுதான் வந்தது. பெயர் ஒன்று, வயிறு வேறு!

டீசலுக்கு அப்படி என்ன பலம்? பெட்ரோல் என்ஜினில் தீப்பொறி வைத்துப் பற்ற வைக்கிறார்கள். டீசலில் காற்றை இறுக்கி அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. அதனால் குறைந்த சுழற்சியிலேயே இழுவிசை, டார்க் என்பார்களே, அது முழுசாகக் கிடைக்கும். 2016இல் வந்த பெட்ரோல் இன்னோவாவின் இழுவிசை 183 நியூட்டன் மீட்டர். அதுவும் என்ஜின் 4,000 சுற்றுக்கு ஏறினால்தான். 2021இல் இங்கே வந்த ஹூண்டாய் ஸ்டாரியாவின் 2.2 லிட்டர் டீசலுக்குச் சுமார் 430. டொயோட்டா ஃபார்ச்சூனரின் 2.4 லிட்டருக்கு 400. அதே ஃபார்ச்சூனரின் 2.8 லிட்டருக்கு 500. டீசலில் இவையெல்லாம் 1,500, 1,600 சுற்றிலேயே கைக்கு வந்துவிடும். ஏழு பேரோடு பாயா தெருபோங் மேட்டில் ஏறும்போது இந்த வித்தியாசம் கால் பாதத்திலேயே தெரியும்.

இதுவரை டீசல் கட்சிக்குத்தான் வெற்றி. இனிமேல்தான் சிக்கல்.

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசுக்கு ஏறியது. ஒரே இரவில் 1 ரிங்கிட் 20 காசு. சபா, சரவாக், லாபுவானில் பழைய விலையே நீடித்தது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். டீசல் வண்டி 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர், அதே அளவு பெட்ரோல் வண்டி 12 லிட்டர் குடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விலையேற்றத்துக்கு முன் டீசலுக்கு மாதம் 290 ரிங்கிட். ரோன்95 பெட்ரோல் அப்போது 2 ரிங்கிட் 5 காசு, ஆக 369 ரிங்கிட். டீசல்காரருக்கு 79 ரிங்கிட் மிச்சம். விலையேறிய மறுநாள் டீசலுக்கு 452. பெட்ரோல் அதே 369. இப்போது பெட்ரோல்காரருக்கு 83 ரிங்கிட் மிச்சம். வண்டி மாறவில்லை, பாதை மாறவில்லை, கணக்கு மட்டும் தலைகீழாகிவிட்டது. பிறகு 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கு ரோன்95 விலை 1 ரிங்கிட் 99 காசாகக் குறைந்தது.

"புடி மடானி உதவித்தொகை இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மாதம் 200 ரிங்கிட் என்று அறிவிக்கப்பட்ட அந்த உதவி, நான் சொன்ன குடும்பத்தின் கூடுதல் செலவான 162 ரிங்கிட்டை முழுசாக அடைத்துவிடும். ஆனால் கணவன் மனைவி இருவரின் ஆண்டு வருமானமும் சேர்ந்து 100,000 ரிங்கிட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது தொடக்கத்தில் விதித்த நிபந்தனை. பத்து ஆண்டுக்குட்பட்ட சொகுசு வாகனங்களுக்கும் கிடையாது. புதிய பெரிய டீசல் வண்டிக்கு வங்கிக் கடன் கிடைக்கும் அளவுக்குச் சம்பளம் இருந்தால், உதவித்தொகைக்கான வரம்பைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். தகுதி உண்டா என்று பார்த்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இப்படி நடப்பது முதல் தடவையும் இல்லை. 2008 ஜூன் 5ஆம் தேதி டீசல் 1 ரிங்கிட் 58 காசிலிருந்து 2 ரிங்கிட் 58 காசுக்குத் தாவியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் தனியார் டீசல் வாகனங்களின் சாலை வரியைப் பெட்ரோல் வாகனங்களின் அளவுக்குக் குறைத்தார்கள். ஒரு கை பிடுங்கியது, மறு கை கொஞ்சம் கொடுத்தது. ஒன்பது ஆண்டுத் தவணைக்குள் இதுபோல் ஒன்றாவது வரும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுவது நல்லது.

இந்தியாவிலும் இதே கதைதான். டெல்லி வட்டாரத்தில் 2,000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைப் பதிவு செய்ய 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. உடனே மகிந்திரா நிறுவனம் 1.99 லிட்டரில் ஒரு என்ஜினை இறக்கியது! எட்டு மாதம் கழித்து, விலையில் ஒரு விழுக்காடு தீர்வையோடு தடை நீங்கியது. 2020இல் புகைக் கட்டுப்பாடு கடுமையானபோது இன்னோவாவின் 2.8 லிட்டர் டீசல் அங்கே கைவிடப்பட்டது, 2.4 மட்டும் தப்பியது. பெரிய என்ஜின்தான் முதலில் வெட்டுப்படுகிறது என்பதைக் கவனியுங்கள்.

சரி, விலைக் கணக்கெல்லாம் தெரிந்தும் எனக்கு டீசல்தான் வேண்டும் என்பவர் எதை எடுப்பது?

முதலில் சாலை வரி. தீபகற்பத்தில் தனிநபர் பெயரில், செடான் அல்லாத வாகனத்துக்கு 2,199 சிசி என்றால் ஆண்டுக்கு 599 ரிங்கிட் 20 காசு. ஃபார்ச்சூனர் 2.4இன் 2,393 சிசிக்கு 754 ரிங்கிட் 40 காசு. 2.8இன் 2,755 சிசிக்கு 1,248 ரிங்கிட். 2,500ஐத் தாண்டியதும் ஒவ்வொரு சிசிக்கும் கட்டணம் இரட்டிப்பாவதால் வரும் வினை இது. மலைத் தோட்டத்துக்குச் சேற்றில் ஏறுபவருக்கும், பின்னால் பாரம் கட்டி இழுப்பவருக்கும் 2.8 தேவைப்படலாம். பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் பெருநாளுக்குக் கோலாலம்பூர் போகவும் அது எதற்கு? என்னைக் கேட்டால், ஏழு பேர் உண்மையிலேயே உட்கார வேண்டிய வீட்டுக்கு 2.2 லிட்டர் வேன் வகைதான் சரி. ஃபார்ச்சூனரில் பாட்டியை ஏற்றிப் பாருங்கள், புரியும். மூன்றாவது வரிசைக்கு அனுப்பினால் பாட்டி பேச்சையே நிறுத்திவிடுவார்.

அதைவிட முக்கியமானது, வண்டி எங்கே ஓடப் போகிறது என்பது. புதிய டீசல் என்ஜின்கள் பலவற்றில் புகைக்குழாயில் ஒரு துகள் வடிகட்டி இருக்கிறது. கரி அதில் தேங்கும். அதை எரித்துத் தள்ள வடிகட்டி சுமார் 600 பாகை வரை சூடேற வேண்டும். அதற்கு நெடுஞ்சாலையில் கால்மணி, இருபது நிமிடம் சீராக ஓட வேண்டும். நம் ஜார்ஜ்டவுன் ஓட்டம் எப்படி? ஆயர் ஈத்தாமிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து சந்தை, சந்தையிலிருந்து வீடு. நடுவில் கிரீன்லேன் நெரிசல். என்ஜின் சூடாவதற்குள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறோம். கரி எரியாமல் சேர்கிறது. எரிக்கப் பீய்ச்சிய டீசல் என்ஜின் எண்ணெயோடு கலக்கிறது. பிறகு விளக்கு எரிகிறது, பட்டறைக்காரர் ஆயிரக்கணக்கில் சொல்கிறார். வடிகட்டி இல்லாத பழைய வண்டியிலும் காற்று உள்ளே போகும் வழியில் கரி அப்பத்தான் செய்யும்.

ஆகவே தீவுக்குள்ளேயே சுற்றும் குடும்பத்துக்கு டீசல் வேண்டாம் என்பேன். 2023இல் இங்கே வந்த இன்னோவா ஸெனிக்ஸ் போன்ற பெட்ரோல் ஹைபிரிட்டை முதலில் ஓட்டிப் பாருங்கள். அது நெரிசலில்தான் மிச்சம் பிடிக்கும். தினமும் பாலம் தாண்டி சுங்கைப் பட்டாணிக்கோ தைப்பிங்குக்கோ வேலைக்குப் போய் வருபவர் என்றால் நிலைமை வேறு. டீசல் என்ஜினுக்கு அந்த ஓட்டம்தான் ஆரோக்கியம்.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் எண்ணெய் நிலையங்களில் யூரோ 5 டீசல் கட்டாயமானது 2021 ஏப்ரலில்தான். அதற்கு முன் விற்ற யூரோ 2எம் டீசலில் கந்தகம் 500 பங்கு வரை இருந்தது. யூரோ 5இல் 10 பங்குதான். அந்தக் காலத்தில் ஓடிய வண்டி எந்த எண்ணெயைக் குடித்தது, வடிகட்டி உண்டா, இருந்ததைக் கழற்றிவிட்டார்களா என்று கேளுங்கள். பராமரிப்புப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பள்ளி வாசலில் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்காதீர்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் வகைப்படுத்திவிட்டது. அதைச் சுவாசிப்பது நம் பிள்ளைகள்தான்.

வண்டி பார்க்கப் போகும்போது காலையிலேயே போங்கள், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே முடுக்கச் சொல்லுங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். தனியாகவும் போகாதீர்கள். ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு போய், ஒரு மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டு, பிறகு விலை பேசுங்கள்.